சாரம் எப்போது அவிழ வேண்டும்?

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்ன ஜிப் கவர் இருக்கிறது. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு பிளேட்டும் ஏழு ஸ்க்ரூக்களும். பதினான்கு மாதம் என் வலது கணுக்காலுக்குள் இருந்தவை. ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் நர்ஸ் அந்தக் கவரை என் கையில் கொடுத்து, "உங்க சாமான் டீச்சர், வச்சுக்குங்க" என்றார். அன்றிலிருந்து என்னிடமே இருக்கிறது.

2018 ஐப்பசி மழையில், பள்ளி வாசலில் வண்டி சறுக்கி விழுந்தேன். கணுக்காலின் இரண்டு பக்கமும் எலும்பு முறிந்திருந்தது. "புத்தூர்க் கட்டு போட்டுடலாம், கத்தி வைக்க வேண்டாம்" என்று அத்தை சொன்னார். எங்கள் குடும்பத்தில் இரண்டு கைகளும் ஒரு காலும் அந்த மூங்கில் பத்தையிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் சேர்ந்தவைதான், அதனால் அவர் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எக்ஸ்ரேயில் மூட்டே விலகி நின்றது. பிளேட் வைத்தார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்தது.

எலும்பு சேர்ந்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. கணுக்காலின் வெளிப்பக்கத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதையே கிடையாது. செருப்பு வார் உரசினால் வலிக்கும். மார்கழிக் காலையில் கோலம் போடக் குந்தினால் உலோகத்தின் குளிர் உள்ளிருந்து தெரியும். திரும்ப டாக்டரிடம் போனேன். "எலும்பு சேர்ந்து எவ்வளவோ நாளாச்சு டீச்சர். பிளேட் இனிமே சும்மாதான் இருக்கு. எடுத்துடலாம்" என்றார். இப்படி இன்னொரு ஆபரேஷன் வரலாம் என்று முதல் முறை அந்த மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை. மறுபடியும் முதுகில் மரத்துப்போகும் ஊசி, மறுபடியும் தையல். ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் அடைபடும் வரை காலை ஜாக்கிரதையாக ஊன்ற வேண்டும் என்று இன்னும் ஆறு வாரம்.

தையல் பிரிக்க எப்போது வரட்டும் என்று கேட்டபோது, "உள்தையல் கரையுற நூல். வெளியே மட்டும்தான் பிரிக்கணும்" என்றார்கள். அப்போதுதான் கேட்டேன்: நூல் கரைகிறது, ஸ்க்ரூ ஏன் கரையக் கூடாது?

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கரையுற ஸ்க்ரூ இருக்கு டீச்சர். முட்டியில ஜவ்வு கிழிஞ்சா நாங்களே போடுறோம். கணுக்காலுக்கும் போட்டிருக்காங்க, ரொம்ப வருஷம் முன்னாடி, பின்லாந்துல. அது ஒரு பெரிய கதை" என்றார். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் மக்கும் பலபடிகள், அதாவது பாலிமர்கள், என்று சில வரிகள் வரும். பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண், அவ்வளவுதான். அந்தச் சில வரிகளுக்குள் எத்தனை பேருடைய கணுக்கால்கள் இருக்கின்றன என்று அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நூலில் இருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது. அறுவை மருத்துவர்கள் வெகுகாலம் பயன்படுத்திய கரையும் நூலின் பெயர் கேட்கட். ஆடு மாடுகளின் குடலில் செய்தது. உடல் அதை ஒரு வேற்றுச் சதையைப் போல அரித்துத் தின்னும், ஒருவருக்கு வேகமாக, ஒருவருக்கு மெதுவாக. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பாலிகிளைகாலிக் அமிலத்தில் செய்த டெக்சான் நூல் வந்தது. 1974இல் வைக்ரில் வந்தது. கிளைகாலிக் அமிலத்தின் கண்ணிகள் நூற்றுக்குத் தொண்ணூறு, லாக்டிக் அமிலத்தின் கண்ணிகள் பத்து என்று கோத்த சங்கிலி அது. சிசேரியன் ஆனவர்கள் பலருக்கும் இந்தப் பெயர் தெரியாவிட்டாலும் இந்த நூல் வயிற்றுக்குள் இருந்து போயிருக்கும்.

லாக்டிக் அமிலம் நமக்குப் புதியதல்ல, தயிரின் புளிப்பே அதுதான். 1780இல் ஸ்வீடனின் ஷீலே புளித்த பாலிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார். ஓடினால் நம் தசையிலும் ஊறும், ஈரல் அதை எடுத்துக்கொள்ளும். இந்தச் சின்ன மூலக்கூறுகளை எஸ்டர் பிணைப்பால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போனால் பாலிலாக்டிக் அமிலம் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கிடைக்கிறது. அதை அவிழ்க்க நொதி எதுவும் வேண்டாம், தண்ணீர் போதும். வகுப்பில் நாங்கள் நடத்தும் அதே நீராற்பகுப்பு. ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து ஒரு எஸ்டர் பிணைப்பை வெட்டும். சங்கிலி துண்டாகும், துண்டு சிறிதாகும், கடைசியில் லாக்டிக் அமிலமாகி, கரியமில வாயுவும் தண்ணீருமாக வெளியேறும். 1966இலேயே குல்கர்னியும் அவருடைய சகாக்களும் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வகத்தில் இதை உடலுக்குள் வைத்துப் பார்த்து எழுதிவிட்டார்கள்.

இங்கே ஒரு வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் சங்கிலி குட்டையாகிறது. அப்புறம் வலு போகிறது. எடை குறைவது எல்லாவற்றுக்கும் கடைசியில். பொருள் அப்படியே இருப்பதுபோலத் தெரியும்போதே அதன் பலம் போய்விட்டிருக்கும். பிரான்சில் மோன்பெலியே நகரத்து மிஷேல் வேர் குழுவினர் இன்னொன்றும் கண்டார்கள். துண்டு தடிமனாக இருந்தால் வெளிப்புறத்தைவிட உள்புறம்தான் வேகமாக அழிகிறது. உள்ளே பிறந்த அமிலம் வெளியேற வழியில்லாமல் தங்கி, மீதிச் சங்கிலிகளையும் வெட்டத் தொடங்கிவிடுகிறது. வண்டு விழுந்த மாம்பழம் மாதிரி, தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

எஃகின் மேல் குற்றம் சொல்ல வரவில்லை. என்னை நடக்க வைத்தது அதுதான். ஆனால் எலும்பு சும்மா இருக்கும் கட்டையல்ல, பாரம் விழும் இடத்தில் தடிக்கும், பாரம் விழாத இடத்தில் மெலியும். பெர்லினில் யூலியஸ் வோல்ஃப் 1892இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். விறைப்பை அளக்கும் அலகு கிகாபாஸ்கல். கெட்டியான எலும்பின் விறைப்பு பத்து இருபது கிகாபாஸ்கல் அளவு. எஃகு சுமார் 200, டைட்டானியம் சுமார் 110. இவ்வளவு விறைப்பான ஒன்று பக்கத்தில் நின்று பாரத்தைத் தாங்கிக்கொண்டே இருந்தால் எலும்பு தன் வேலையை விட்டுவிடுகிறது. முறிவு சேரும் வரை தாங்க வேண்டும், சேரச் சேரக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தை எலும்புக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். உலோகத்துக்கு அந்த இரண்டாவது வேலை தெரியாது.

கரையும் பிளாஸ்டிக்கின் குறை எதிர்ப்பக்கம். சாதாரணமாக வார்த்தெடுத்த பாலிலாக்டிக் அமிலத்தின் விறைப்பு மூன்று கிகாபாஸ்கல் அளவுதான். நூலுக்கு இது போதும், கால் எலும்புக்குப் போதாது.

இந்த இடத்தில்தான் பின்லாந்து வருகிறது. தாம்பரே நகரத்தின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெர்ட்டி டோர்மாலா என்ற பொருளறிவியல் பேராசிரியர், ஹெல்சிங்கியில் பென்ட்டி ரொக்கானன் என்ற எலும்பு அறுவை மருத்துவர். இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது கயிறு திரிப்பதற்குப் பக்கத்தில் இருக்கிறது. இழுத்து நீட்டிய நூலில் சங்கிலிகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும், அதனால் அதே பொருளின் கட்டியைவிட நூலுக்குப் பலம் அதிகம். டோர்மாலா கரையும் தையல் நூல்களைக் கட்டாக அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்தார். நூல்களின் மேற்பரப்பு மட்டும் இளகி ஒன்றோடொன்று ஒட்டியது, உள்ளே நூல் நூலாகவே இருந்தது. கம்பியும் சிமெண்டும் ஒரே பொருளில் செய்த கான்கிரீட் என்று வைத்துக்கொள்ளலாம். தன்னைத் தானே வலுப்படுத்திய பாலிமர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

1984 நவம்பரில் ஹெல்சிங்கியில் அப்படிச் செய்த குச்சிகளை ஒருவருடைய முறிந்த கணுக்காலில் பொருத்தினார்கள். அதே கணுக்கால். இதைப் படித்தபோது என் கை தானாகவே என் காலின் தழும்பைத் தொட்டது. அந்தக் குச்சிகளின் மூலப்பொருள் வைக்ரில் நூலின் அதே பாலிமர்தான். 1985இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முதல் முடிவுகள் வந்தன. உலோகம் வைத்தவர்களுக்கு இணையாகவே எலும்புகள் சேர்ந்தன. எடுப்பதற்கு என்று இரண்டாவது ஆபரேஷன் இல்லை. பிறகு பாலிகிளைகாலிக் அமிலக் குச்சிகள், ஸ்க்ரூக்கள் என்று நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போட்டார்கள்.

இந்த அளவோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு வெற்றிக் கதை. அவர்கள் நிறுத்தவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையே எழுதத் தோன்றியது.

ஆபரேஷன் ஆகி இரண்டு மூன்று மாதம் கழித்து, எலும்பு சேர்ந்து, ஆள் நடக்க ஆரம்பித்த பிறகு, சிலருக்குத் தழும்பின் மேல் சிவந்து ஒரு கட்டி எழும்பியது. வலித்தது, உடைந்தது, உள்ளிருந்து நீர் வடிந்தது. சீழ் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் ஒரு கிருமியும் இல்லை. வடிந்த நீரில் இருந்தது உதிர்ந்த பாலிமர் துணுக்குகள். எக்ஸ்ரேயில் குச்சி இருந்த இடத்தைச் சுற்றி எலும்பு அரித்து ஓட்டை பெரிதாகியிருந்தது. பாலிகிளைகாலிக் அமிலம் சில வாரங்களிலேயே வலுவிழந்து, சில மாதங்களில் சிதறிவிடுகிறது. உடலின் துப்புரவு வேலை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதபோது குப்பை தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

ரொக்கானனோடு அதே ஹெல்சிங்கி மருத்துவமனையில் வேலை செய்த ஓலே போஸ்ட்மன் இதை ஒவ்வொரு நோயாளியாகக் குறித்துவைத்தார். 1990இல் எழுதினார்: 516 பேரில் 41 பேருக்கு, அதாவது 7.9 விழுக்காட்டினருக்கு இந்த எதிர்வினை வந்தது. சராசரியாகப் பன்னிரண்டாவது வாரத்தில். பிறகு பத்து ஆண்டுகள் கழித்து, பிஹ்லஜமாகி என்ற சகாவோடு சேர்ந்து முழுக் கணக்கையும் வெளியிட்டார். மொத்தம் 2528 நோயாளிகள். பாலிகிளைகாலிக் அமிலம் வைத்த 2037 பேரில் 107 பேருக்கு எதிர்வினை. பாலிலாக்டிக் அமிலம் வைத்த 491 பேரில் ஒருவருக்கு. அந்த ஒருவருக்கும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கழித்து. குச்சிக்குப் பச்சை நிறம் தரச் சேர்த்த குயினோன் சாயம் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதையும் அவர்தான் கணக்கிலிருந்து பிரித்துக் காட்டினார். அறுவை அரங்கில் கண்ணுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று போட்ட நிறம் அது.

தன் துறையே பெருமையாகக் கொண்டாடிய ஒன்றின் குறையை, அதே கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, எண்ணோடு எழுதுவது சாதாரணக் காரியமா? பெரும்பாலானவர்களுக்குப் புண் தானாகவே ஆறியது, எலும்பும் சேர்ந்தே இருந்தது. "சின்ன விஷயம்" என்று கடந்து போயிருக்கலாம். போஸ்ட்மன் கடந்து போகாததால்தான் அடுத்து வந்தவர்களுக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்தது.

வேகம்தான் பிரச்சினை என்றால் மெதுவாகக் கரைவதைப் போட்டால் சரியாகிவிடுமா? அதற்கு விடை நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரத்தில் கிடைத்தது. போஸ், ரோசெமா முதலிய முகத்தாடை அறுவை மருத்துவர்கள் கன்ன எலும்பு முறிந்த பத்துப் பேருக்கு லாக்டிக் அமிலத்தின் ஒரே வகையை (எல் வகை) மட்டும் கோத்த பாலிலாக்டிக் அமிலத்தில் செய்த பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து, 1987இல் எழுதினார்கள். முறிவுகள் அழகாகச் சேர்ந்தன, புண் இல்லை, கட்டி இல்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து நான்கு பேர் வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தார்கள்.

மருத்துவர்கள் அதோடு விடாமல் மீதிப் பேரையும் தேடிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வீக்கத்தைத் திறந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் வைத்தார்கள். 1993இலும் 1995இலும் பெர்க்ஸ்மா முன்னின்று எழுதிய கட்டுரைகளில் விஷயம் வருகிறது: வைத்து 5.7 ஆண்டுகள் ஆன பிறகும் பாலிமரின் படிகத் துணுக்குகள் கரையாமல் செல்களுக்குள் கிடந்தன. வெளியே வரவும் இல்லை, அழியவும் இல்லை.

ஏன் என்று என் மாணவிகளுக்கு வாழைப்பழத்தை வைத்துச் சொல்வேன். லாக்டிக் அமில மூலக்கூறுக்கு இடது வலது என்று இரண்டு வடிவம் உண்டு, ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். ஒரே வடிவத்தை மட்டும் கோத்தால், ஒரே பக்கம் வளைந்த பழங்கள் சீப்பில் அடுக்கி உட்கார்ந்திருப்பது போலச் சங்கிலிகள் நெருக்கமாகப் படிந்துவிடும். அந்த இடுக்கில் தண்ணீர் நுழையாது. அடுக்கு கலைந்திருக்கும் இடங்களை மட்டும் தண்ணீர் முதலில் அறுத்துவிடுகிறது. கெட்டியான படிகங்கள் உதிர்ந்து, கரையாத மண் போல மிஞ்சுகின்றன. நடுநடுவே எதிர்ப்பக்கம் வளைந்த பழங்களைச் செருகினால் அடுக்கு கெடும், இடைவெளி விழும், தண்ணீர் போகும். இப்போது பலர் இடது வலது இரண்டையும் கலந்து கோக்கிறார்கள். அல்லது கிளைகாலிக் அமிலத்தை நடுவே நுழைக்கிறார்கள். ஒழுங்கைக் கொஞ்சம் கெடுத்தால்தான் காலத்தில் கரையும்.

நான் முதலில் கேட்ட கேள்வியே தவறு என்று அப்போது புரிந்தது. கரையுமா என்பது என்றோ தீர்ந்துபோன கேள்வி. எலும்பு தன் காலில் நிற்கும் வரை இருந்து, நின்ற பிறகு, உடல் கூட்டிப் பெருக்கக்கூடிய வேகத்தில் போக வேண்டும். மூன்று மாதத்தில் போனால் கட்டி உடைகிறது, ஆறு ஆண்டு தங்கினால் கன்னம் வீங்குகிறது.

இந்த அளவு சரியாக வந்த இடம் குழந்தைகளின் மண்டையோடு. சில குழந்தைகளுக்கு மண்டையோட்டின் பொருத்துகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளும், மூளை வளர இடமிருக்காது. எலும்பைப் பெயர்த்து, வடிவம் மாற்றி, திரும்பப் பொருத்த வேண்டும். உலோகம் வைத்தால் ஒரு விபரீதம் உண்டு. குழந்தையின் மண்டை வளரும்போது வெளிப்பக்கம் எலும்பு படிகிறது, உட்பக்கம் எலும்பு கரைகிறது. அதனால் வெளியே வைத்த பிளேட் நகராமல் இருந்த இடத்திலேயே இருந்தும், சில ஆண்டுகளில் மண்டைக்கு உள்ளே போய்விடுகிறது. 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லாக்டோசார்ப் பிளேட்டுகள் இதற்கென்றே வந்தது போல அமைந்தன. லாக்டிக் 82 பங்கு, கிளைகாலிக் 18 பங்கு. வலு சில வாரங்களுக்கு நிற்கும், ஓர் ஆண்டு வாக்கில் பொருளே இருக்காது. குழந்தையின் எலும்பு அதற்குள் சேர்ந்துவிடும், பாரமும் பெரிதாகக் கிடையாது. பிளேட்டைச் சூடாக்கினால் இளகும். மருத்துவர் அதைக் கையால் வளைத்து அந்தக் குழந்தையின் நெற்றிக்கு ஏற்றபடி படியவைப்பார், ஆறினால் அப்படியே நிற்கும். ஸ்க்ரூவுக்கு முன்னதாகவே எலும்பில் மரை போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் திருகும்போதே தலை முறிந்துவிடும்.

முட்டிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் கபடி ஆடும் பையன் ஒருவனுக்கு ஜவ்வு கிழிந்து, தசைநாரை எடுத்து வைத்து, அதை எலும்புத் துளைக்குள் இறுக்க பயோ ஸ்க்ரூ, அதாவது கரையும் ஸ்க்ரூ, போட்டார்கள். உலோகத்தைவிட விலை கூடுதல். மறுநாள் எக்ஸ்ரேயைப் பார்த்து அவன் அம்மா பயந்துபோனார்: "ஸ்க்ரூவே இல்லையே டீச்சர், வைக்காமலே காசு வாங்கிட்டாங்களா?" பாலிமர் எக்ஸ்ரேயில் தெரியாது, துளை மட்டும்தான் கறுப்பாகத் தெரியும் என்று நான்தான் சொன்னேன். அது கரைந்த இடத்தில் முழுக்க எலும்பு வந்து நிறையும் என்றும் எப்போதும் நம்ப முடியாது. துளை துளையாகவே நிற்பதும் உண்டு. அதற்காகத்தான் இப்போது கால்சியம் பாஸ்பேட் துகள்களைப் பாலிமரோடு கலந்து செய்கிறார்கள். எலும்பின் உப்பும் அந்தக் குடும்பம்தான், எலும்பு செல்கள் பற்றிக்கொள்ள ஒரு பிடி கிடைக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு துண்டு எலும்பைச் சேர்த்துப் பிடிப்பது. நடுவில் எலும்பே இல்லாமல் போனால்?

எங்கள் ஊர் நாற்கரச் சாலையில் இது அடிக்கடி நடக்கிறது. லாரி ஏறி, முழங்காலுக்குக் கீழே சில சென்டிமீட்டர் எலும்பு நொறுங்கிப் போய்விடும். இடுப்பெலும்பிலிருந்து சுரண்டி எடுத்து நிரப்புவார்கள், இடுப்பிலும் அளவாகத்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் ரிங் போடுவார்கள். சைபீரியாவின் குர்கான் நகரத்தில் இலிசரோவ் கண்டுபிடித்த முறை. எலும்பை ஓரிடத்தில் வெட்டி, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்த்தி, பின்னால் புது எலும்பை வளர்த்துக்கொண்டே போவது. எங்கள் தெரு மெக்கானிக் ஒருவர் ஏறத்தாழ ஓர் ஆண்டு காலைச் சுற்றி வளையங்களோடு, லுங்கியை அதற்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தார். கால் பிழைத்தது. கம்பி தோலுக்குள் நுழையும் இடங்களைத் தினமும் துடைத்துக் கட்டியது அவர் மனைவி.

இப்படிப்பட்ட இடைவெளிக்குத்தான் சாரம். ஆங்கிலத்தில் கட்டடச் சாரத்துக்கு இருக்கும் அதே பெயரைத்தான் இதற்கும் வைத்தார்கள், தமிழிலும் இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டாம். சவுக்குக் கம்பைக் கயிற்றால் கட்டி கொத்தனார் ஏறி நிற்கிறார், சுவர் எழும்புகிறது, பூச்சு முடிந்ததும் கம்பை அவிழ்த்து வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். உடலுக்குள் கொத்தனார்கள் எலும்பு செல்கள். அவர்கள் ஏறி நடக்க, ரத்தக் குழாய் உள்ளே நுழைய, ஒன்றோடொன்று திறந்த துளைகள் வேண்டும். சில நூறு மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) அகலம் இருந்தால் நல்லது. ஆனால் அவிழ்க்க ஆள் கிடையாது, சாரம் தானாகவே போக வேண்டும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டீட்மார் ஹுட்மாகர், ஸ்வீ ஹின் டியோ ஆகியோர் இதற்குத் தேர்ந்தெடுத்த பொருள் பாலிகாப்ரோலாக்டோன். அறுபது டிகிரியிலேயே உருகும், உடலில் கரைய இரண்டு மூன்று ஆண்டுகளாவது எடுத்துக்கொள்ளும். உருகிய இழையை வரிவரியாக இழுத்து, அடுத்த அடுக்கை அறுபது டிகிரி திருப்பி, அதற்கடுத்ததை இன்னும் அறுபது டிகிரி திருப்பிப் போட்டார்கள். மேலிருந்து பார்த்தால் சிக்கலான கம்பிக் கோலம் போல முக்கோண முக்கோணமாகத் தெரியும். மூளைக்கும் ஓட்டுக்கும் நடுவே ரத்தம் கட்டிய முதியவர்களுக்கு மண்டையில் துளை போட்டு ரத்தத்தை வடிப்பார்கள் அல்லவா, அந்தத் துளையை மூடும் அடைப்பானாக இது முதலில் மனிதருக்குள் போனது. இல்லாவிட்டால் நெற்றிக்கு மேல் குழி விழுந்துவிடும்.

ஹுட்மாகர் பிறகு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குப் போனார். அங்கே செம்மறியாட்டின் கால் எலும்பில் மூன்று சென்டிமீட்டர் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் கால்சியம் பாஸ்பேட் கலந்த சாரத்தை, எலும்பு வளர்க்கும் புரதத்தோடு வைத்தார்கள். பன்னிரண்டு மாதம் கழித்து, ஆட்டின் சொந்த எலும்பை வைத்து நிரப்பியதைவிட அது அதிக எலும்போடும் வலுவோடும் இருந்தது. 2012இல் வந்த முடிவு. 2017இல் அதே நகரத்தின் பிரின்சஸ் அலெக்சாண்ட்ரா மருத்துவமனையில் மைக்கேல் வாகல்ஸ் என்ற அறுவை மருத்துவர், தொற்றால் முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பின் பெரும்பகுதியை இழந்த ஓர் இளைஞருக்கு 36 சென்டிமீட்டர் நீளச் சாரத்தை வைத்தார். அவ்வளவு நீளத்துக்கு ரத்தம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அந்த இளைஞரின் சொந்தத் திசுவையும் ரத்தக் குழாய்களையும் சாரத்தைச் சுற்றிக் கொடுத்தார்கள். மூன்று சென்டிமீட்டரிலிருந்து முப்பத்தாறு. அந்தத் தாவலைப் படிக்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, க்ரோனிங்கனின் அந்த மூன்றாவது ஆண்டும் நினைவுக்கு வந்தது. நாங்கள் விழுந்து அடிபடும் சாலையோரத்து ஊர்களுக்கு இது வந்து சேரும்போது, கூடவே ஒரு பதிவேடும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். யாருக்கு வைத்தோம், எந்த ஆண்டு, ஐந்து வருடம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க ஒருவர். என் பிளேட்டை எடுத்த பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் பள்ளியின் அடல் டிங்கரிங் ஆய்வகத்தில் ஒரு முப்பரிமாண அச்சுப்பொறி இருக்கிறது. அதில் மாட்டும் வெள்ளைச் சுருள் பாலிலாக்டிக் அமிலம்தான். உடலுக்குள் வைக்கும் தரம் அல்ல, ஆனால் அதே குடும்பம். காலை ஊன்றி முழுதாக வேலைக்குத் திரும்பிய வருடம், மாணவிகளோடு சேர்ந்து அதில் விரல் நீளத்துக்குப் பத்துப் பட்டைகளை அச்சிட்டேன். ஒரு கண்ணாடி பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றி, உள்ளே போட்டு, மூடி, மேற்குச் சன்னல் ஓரத்து அலமாரியில் வைத்தோம். மதுரைப் பக்கத்து மே மாதத்தில் அந்த அலமாரி ஏறத்தாழ உடம்புச் சூட்டுக்கே வந்துவிடும். மாதம் ஒரு முறை எடுத்து, துடைத்து, உலர்த்தி, எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும். ஒரு பிள்ளைகள் கூட்டம் படிப்பு முடித்துப் போனால் அடுத்த கூட்டம் எழுதும்.

இரண்டரை வருடம் நோட்டில் ஒரே எண்தான் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது தசம இடத்தில் மட்டும் ஏறும், இறங்கும். "இது கரையவே கரையாது மிஸ்" என்று சலித்துக்கொண்டார்கள். போன வாரம் எடை போடும் முறை வந்தது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு. தராசில் வைத்தாள், எழுதினாள், அதே எண். திரும்பப் பாட்டிலில் போடுவதற்காக இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள். பட்டை அவள் கையிலேயே அப்பளம் போல இரண்டாக நொடிந்தது. உடைத்துவிட்டோமே என்று பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள். நான் நோட்டை வாங்கி, எடை எழுதியிருந்த கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, அந்த நாளின் தேதியை எழுதச் சொன்னேன்.